காதுக்கல் முப்பத்தேழு

சித்திரை மாதத்தில் பல்லடம் பக்கத்து மண் ஈரமாக இருந்தால் ஒன்று குழாய் உடைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் யாரோ பொய் சொல்லியிருக்க வேண்டும். மங்கையர்க்கரசி ஒன்பது வருஷமாக மனைகளுக்கு அனுமதி கொடுக்கும் அரசாங்க வேலையில் இருக்கிறாள். குழாய் உடைந்து அவள் பார்த்தது இரண்டே தடவைதான்.

கம்பெனி கொடுத்த அறிக்கையை ஜீப்பிலேயே மூன்றாவது முறையாகப் படித்தாள். பதினெட்டு ஏக்கர், நூற்றுப் பன்னிரண்டு மனைகள், அறுபத்து நான்கு காதுக்கற்கள். முன்பெல்லாம் நிலத்தைத் துண்டு போட்ட பிறகு வெள்ளையடித்த கல் நடுவார்கள். சட்டம் மாறிய பிறகு கல் முதலில் போகிறது, துண்டு பிறகு வருகிறது. முழ உயரக் கல்லின் தலை மட்டும் வெளியே தெரியும். மற்றதெல்லாம் மண்ணுக்குள் கிடந்து ஒரு வருஷம் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கே ஈரம், எங்கே வறட்சி, மேலே என்ன பாரம், எந்த மண் கிளறப்பட்டது என்று எல்லாம் அதற்குக் கேட்கும். அரசாங்கத் தாளில் இதற்கு நீளமான பெயர் இருக்கிறது. ஜனங்கள் வைத்த பெயர் காதுக்கல்.

முப்பத்தாறு, முப்பத்தேழு, முப்பத்தெட்டு. இந்த மூன்று கற்களும் போன சித்திரையில், ஊரே புழுதியாய்ப் பறந்த நாட்களில், ஈரம் காட்டியிருந்தன. அதிலும் முப்பத்தேழு ஒரு நாள் விடாமல்.

மங்கையின் சந்தேகம் பிறவிக் குணமல்ல, பட்டுத் தெரிந்துகொண்டது. ஆறு வருஷத்துக்கு முன்னால் வேறு ஒரு லேஅவுட்டுக்குக் கையெழுத்துப் போட்டாள். எண்களெல்லாம் அவ்வளவு ஒழுங்காக இருந்தன. அடுத்த ஐப்பசியில், கீழே இருந்த பதினொரு வீடுகளுக்குள் தண்ணீர் இடுப்பளவு நின்றது. போய்ப் பார்த்தாள். நனைந்த பள்ளிச் சான்றிதழ்களைக் கொடியில் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், "நீங்க யாருங்க?" என்று கேட்டாள். அதிலிருந்து ஒழுங்கான எண்களைக் கண்டால் அவள் மூன்று முறை படிப்பாள்.

லேஅவுட்டின் வாசலில் வண்ணக் கொடிகள் பறந்தன. பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்களை ஏற்றி வந்த இலவச வேன்கள் மூன்று நின்றன. ஷாமியானாவின் ஓரத்தில் பிரியாணி அண்டா. காலம் எவ்வளவு மாறினாலும் மனை விற்கிற முறை மட்டும் மாறுவதில்லை.

மேனேஜர் சிவநேசன் கையில் இளநீரோடு எதிரே வந்தார். நாற்பது வயது, சுருக்கமே இல்லாத வெள்ளைச் சட்டை, சிரிப்பிலும் சுருக்கம் இல்லை.

"வாங்க மேடம், வாங்க. பங்குனியிலயே இந்த வெயிலுங்க. முதல்ல எளநி சாப்புடுங்க."

"அப்புறம் சாப்பிடறேன். பள்ளத்தைக் காணோமே?"

அந்தப் பக்கத்தில் மழைக்கு மட்டும் ஓடுகிற ஓடையைப் பள்ளம் என்பார்கள். நிலத்தின் மேற்கு ஓரத்தில், மெயின் ரோட்டை ஒட்டி, ஒரு பள்ளம் இறங்கி ஓடியது. வரைபடத்தில் அந்த இடத்தில் பத்து மனைகள் இருந்தன. பத்தும் ரோட்டைப் பார்த்தவை, விலை கூடியவை.

"பள்ளம் எங்கயும் போகலீங்க மேடம், அங்கயேதான் கெடக்குது. ஆனா அதுல ஈரம் இல்லீங்களே. நாங்க சொல்லலீங்க, கல்லு சொல்லுது. தண்ணித் தடம் நடுவால மாறிப்போச்சு. பத்துல ஒரு பங்கு எங்க வுடோணும்? தண்ணி போற தடத்துல வுடோணும். வுட்டுட்டோம். சட்டப்படி விடுநெலம், சட்டப்படி பூங்கா."

"பள்ளம் ஐப்பசி கார்த்திகையில ஓடும். கோடையில காஞ்சுதான் இருக்கும்."

"மிசினுக்கு அது தெரியாதுங்களே. ரெண்டு தடம் இருந்தா வருசம் பூராவும் ஈரமா இருக்கறதுதான் தாய்த்தடமுன்னு அது கணக்குப் போடுது. கணக்கை எழுதுனது உங்க டிபார்ட்மெண்ட்டுதானுங்க." சிரித்தார்.

அதுவும் உண்மைதான். மங்கைக்கு எரிச்சல் அதனாலேயே அதிகமானது.

முப்பத்தேழாம் கல்லைத் தேட வேண்டியிருக்கவில்லை. நிலத்தின் நடுவில் மூன்று கற்களும் தூரத்திலிருந்தே மஞ்சளாய்த் தெரிந்தன. தலையில் மஞ்சள், குங்குமம், காய்ந்த அரளிப்பூ. பத்தடி தள்ளி மண்ணிலிருந்து ஒரு தண்ணீர்க் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது.

"இந்தக் குழாய் எதுக்கு?"

"செடிக்குங்க மேடம்."

சுற்றிலும் ஒரு புல் கூட இல்லை. மங்கை அதைச் சொல்லவில்லை. சிவநேசன் வேனில் வந்தவர்களைக் கவனிக்கப் போனதும் அங்கேயே ஒரு வேப்பங்கன்று நிழலில் நின்றுகொண்டாள். அன்று செவ்வாய்க்கிழமை. பதினோரு மணிக்கு மில் ஷிப்டுக்குப் போகும் முன்பாக ஏழெட்டுப் பெண்கள் குடங்களோடு வந்தார்கள். முன்னால் வந்தவளுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். நிலத்துக்குக் கீழே சரிவில் இருந்த காலனியில் எல்லாருக்கும் அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது மற்றவர்கள் அவள் முகத்தைப் பார்த்த விதத்திலேயே தெரிந்தது. பெயர் பாப்பாத்தி.

"ஏனுங் மேடம், சாமி கல்லுங்க. செருப்பைக் கழட்டிட்டு நில்லுங்க."

மங்கை கழற்றினாள். "என்ன சாமிங்க?"

"காதாத்தாளுங்க."

"எப்ப வந்தாங்க இங்க?"

"அது ஆச்சுங்க, போன வருசம்."

"கல்லு நட்டதும் போன வருஷம்தான். நட்ட கல்லுல எண்ணு எழுதின மைகூடக் காயலை, அதுக்குள்ள சாமி எறங்கிட்டாங்களா?"

ஒரு பெண் சிரிப்பை அடக்க முந்தானையைக் கடித்தாள். பாப்பாத்தி சிரிக்கவில்லை. மற்றவர்களைப் போகச் சொல்லிவிட்டு, குடத்தை இறக்கி வைத்து, மங்கையை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்க கம்பெனி ஆளுங்களா, கவருமெண்டு ஆளுங்களா?"

"கவர்மெண்ட்டு. நான் கையெழுத்துப் போட்டாத்தான் இங்க வீடு கட்டலாம்."

"அப்ப கேட்டுக்கோங்க. எங்கூட்டுக்காரரு இங்கதான் கெடக்கறாரு. அந்தக் கல்லுக்குக் கெழக்கால நாலடி. எங்க மாமனாரு, கொழுந்தனாரு, மில்லுல மெசின்ல மாட்டிச் செத்த எந்தங்கச்சி, எல்லாரும் இந்த வரிசையிலதான். ஊர்ச் சுடுகாட்டுல எங்களுக்கு எடமில்ல. அது ஏன்னு உங்களுக்குத் தெரியும், என்னைச் சொல்ல வெக்காதீங்க. பழைய தோட்டத்துக்காரரு ஒண்ணுஞ் சொல்லாம உட்டிருந்தாரு. அவரு போனதும் பசங்க வித்துப்போட்டாங்க. எங்ககிட்ட ஒரு துண்டுக் காயிதம் இல்ல."

"அதுக்கும் தண்ணி ஊத்தறதுக்கும்?"

"கல்லு தண்ணியத்தான் கேக்கும், மனுசரு பேசுனாக் கேக்காதுன்னாங்க. ஈரம் இருக்கற எடத்துல வூடு கட்ட மாட்டாங்கன்னாங்க. சரி, அதுக்குப் புரியற மாதிரி தண்ணியிலயே சொல்லிப்போடலாமுன்னு செவ்வாயும் வெள்ளியும் ஊத்தறோம். மஞ்சத் தடவிட்டா ஆரும் தடுக்க மாட்டாங்க. அது தப்புங்களா?"

மங்கைக்கு ஒரு கணம் அந்தப் பெண்ணைப் பாராட்டத் தோன்றியது. மறு கணமே பழைய பயம் வந்துவிட்டது.

"இதையெல்லாம் உங்களுக்கு யார் சொன்னது?"

"மேனேஜர் தம்பிதானுங்க. நல்ல மனுசன். பேச்சுவாக்குல சொன்னாரு. தூரத்துல இருந்து சொமக்கறீங்களேன்னு அந்தக் கொழாயும் அவருதான் போட்டுக் குடுத்தாரு."

மங்கை வரைபடத்தை விரித்து மண்ணில் வைத்து அவளை உட்காரச் சொன்னாள்.

"அக்கா, பத்துல ஒரு பங்குதான் அவங்க விடணும். அதுக்கு மேல ஒரு அடி விட மாட்டாங்க. இங்க விட்டா அங்க எடுத்துக்குவாங்க. இங்க ஈரம்னு நீங்க சொல்லிட்டீங்க. அதனால பள்ளத்தை மூடப் போறாங்க. பள்ளத்துல தண்ணி வந்தா இப்ப எங்க போகுது?"

"எங்க காலனிக்குப் பின்னால போயி குட்டையில விழும்."

"பள்ளம் இல்லைன்னா?"

பாப்பாத்தி வரைபடத்தைப் பார்க்கவில்லை. மேற்கே திரும்பி நிலத்தின் சரிவைப் பார்த்தாள். சரிவு எங்கே முடிகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அறுபது வீடுகள், அதில் ஒன்று அவளுடையது.

"அப்புறம் இந்த இடம் சும்மாவும் இருக்காது. பூங்கான்னு போட்டிருக்காங்க. இதோ, சறுக்குமரம்."

"எங்கூட்டுக்காரரு மேலயா?" என்றாள் பாப்பாத்தி. "அடப் பாவி, தம்பி தம்பின்னு கூப்பிட்டேனே அவனை."

மங்கை வரைபடத்தை மடித்துக்கொண்டே கேட்டாள். "செவ்வாய், வெள்ளி சரி. ஆனா முப்பத்தேழு தெனமும் நனையுது. சாயங்காலம் அஞ்சரை மணிக்கு. ஒரு ஆள் பாரம், பத்து நிமிஷம் நிக்குது. அது யாரு?"

"நாங்க இல்லீங்க. மில்லு உட்டு ஊடு வர ஏழாயிரும்."

அப்படியானால் கம்பெனிதான். ஊர்ப் பெண்களை நம்பி விடாமல், சொந்தத்தில் ஓர் ஆளையும் போட்டிருக்கிறார்கள். சாயங்காலம் மங்கை கிளம்புவதாகச் சொல்லி ஜீப்பை ரோடு வரைக்கும் ஓட்டிப்போய், நிறுத்திவிட்டு, வரப்போரமாக நடந்தே திரும்பி வந்தாள்.

அஞ்சரைக்கு வந்தவன் சைட் வாட்ச்மேன். ஒல்லியானவன், முப்பது வயது இருக்கலாம், கம்பெனி கொடுத்த நீலச் சட்டை. கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் தகர ஷெட்டில் மனைவியோடு குடியிருக்கிறான், ஒடிசாக்காரன், பெயர் கைலாஷ் என்று காலையில் சிவநேசன் சொல்லியிருந்தார். பிளாஸ்டிக் சொம்பில் தண்ணீர் பிடித்தான். முப்பத்தாறையும் முப்பத்தெட்டையும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முப்பத்தேழுக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, மெல்ல, சொட்டுச் சொட்டாக ஊற்றினான்.

"யார் ஊத்தச் சொன்னா?"

அவன் பதறி எழுந்தான். சொம்பு உருண்டது. "யாரும் இல்ல மேடம்."

"சிவநேசன் சார் சொன்னாரா?"

"இல்ல மேடம். தப்பு மேடம். இனிமே ஊத்த மாட்டேன்."

"அப்புறம் எதுக்கு ஊத்தினே?"

அவன் தரையைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவள் எப்படிக் கேட்டும், தமிழிலும் அரைகுறை ஹிந்தியிலும் கேட்டும், தலையைத்தான் ஆட்டினான். ஷெட் வாசலில் ஒரு பெண் கையைக் கட்டிக்கொண்டு இவர்களையே பார்த்து நின்றாள். மங்கை மனத்தில் தீர்ப்பு எழுதிவிட்டாள். வாய்க்குப் பூட்டுப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை தனியாக வந்து, கையடக்கக் கருவியை முப்பத்தேழின் தலையில் வைத்து, கல் கேட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் இறக்கினாள். கம்பெனி அறிக்கையில் வந்தது ஈரக் கணக்கும் பாரக் கணக்கும் மட்டும். மற்றவை கல்லுக்குள்ளேயே கிடந்தன. முதலில் அவள் கண்ணில் பட்டது இடம். மற்ற அறுபத்தொரு கற்களும் கட்டம் போட்டதுபோல் நேர் வரிசையில் இருக்க, இந்த மூன்று மட்டும் நான்கு மீட்டர் விலகி நடப்பட்டிருந்தன. சரியாகக் குழிகளின் மேல். நடுவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரியும். அடுத்தது ஒரு பட்டியல். கிளறிய மண், புதைகுழிகள், ஆழம், அகலம். மொத்தம் இருபத்து மூன்று.

ஒரு வருஷமாக அந்தக் கல் செத்தவர்களைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

சிவநேசனிடம் காட்டியபோது அவர் முகம் மாறவே இல்லை. "குழி இருக்கறது தெரியுமுங்க மேடம். படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லீங்களே. கேட்டிருந்தாச் சொல்லியிருப்போம்."

"வாட்ச்மேனை விட்டுத் தண்ணி ஊத்தினதுக்கும் கட்டம் இல்லையா?"

"வாட்ச்மேனா? நான் ஆரையும் ஊத்தச் சொல்லலீங்க." முதல் தடவையாக அவர் குழம்பியதுபோல் தெரிந்தது. நன்றாக நடிக்கிறார் என்று மங்கை நினைத்துக்கொண்டாள்.

சட்டத்தில் ஒரே ஒரு வழி இருந்தது. ஓர் இடம் ஏற்கெனவே ஜனங்களுடைய புழக்கத்தில் உள்ள மயானம் என்று நிரூபித்தால், அதை மனைக்கு எடுக்க முடியாது. பத்தில் ஒரு பங்கிலும் அது சேராது. விடுநிலம் திரும்பப் பள்ளத்துக்கே போய்விடும். கல்லறையும் பிழைக்கும், காலனியும் பிழைக்கும். ஆனால் கல் கேட்ட ஒவ்வொரு குழிக்கும் ஓர் உறவினர் வந்து, பெயர் சொல்லி, கையெழுத்துப் போட வேண்டும். அவர் அதே ஊரில் ரேஷன் கார்டு உள்ளவராக இருக்க வேண்டும். ஒரு குழிக்கு ஆள் இல்லையென்றால் பட்டியல் மொத்தமும் தள்ளுபடி. மறு விசாரணை கிடையாது.

பாப்பாத்தியிடம் சொன்னபோது அவள் விரல் விட்டு எண்ணினாள். இரண்டாவது தடவையும் எண்ணினாள்.

"இருவத்திரண்டுதானுங்க. ஒவ்வொருத்தரும் எந்தத் தேதியில போனாங்கன்னு சொல்லுவேன்."

"கல்லு இருபத்து மூணு சொல்லுது. கடைசிக் குழி சின்னது, ரெண்டடிதான் நீளம். போன பங்குனியில தோண்டினது. கல்லு நட்டு ஒரு மாசம் கழிச்சு."

"அவனுகதான் தோண்டியிருப்பானுக," என்றாள் பாப்பாத்தி. "பட்டியலைக் கெடுக்கறதுக்கு."

மங்கைக்கும் அதுதான் தோன்றியது. பொய்க் குழி என்றால் தோண்டிப் பார்த்துவிட்டால் போகிறது. வெறும் மண் என்று தெரிந்தால் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம். அந்தத் தைரியத்தில்தான் வியாழக்கிழமை பத்து மணிக்கு விசாரணை என்று நோட்டீஸ் ஒட்டினாள்.

அன்றைக்குக் காலனியில் யாரும் மில்லுக்குப் போகவில்லை. ஷாமியானாவுக்கு அடியில், வேனில் வந்தவர்களுக்குப் போடுகிற நாற்காலிகளில், காலனிக்காரர்கள் உட்கார்ந்தார்கள். உட்காரலாமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். மங்கை எண்ணை வாசித்தாள். ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொன்னார்கள். ஒன்று, மாரப்பன், என்னோட மாமனார். ஐந்து, நஞ்சாத்தாள், எங்கம்மா. ஒன்பது, பாப்பாத்தி எழுந்து, "பழனிச்சாமி. எங்கூட்டுக்காரரு," என்றாள், பக்கத்தில் இருந்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சிலர் அழுதார்கள். சிலர் பள்ளியில் பெயர் கூப்பிட்டதுபோல் விறைப்பாக நின்று சொன்னார்கள். இருபத்திரண்டு முடிந்தது.

"இருபத்து மூணு."

யாரும் எழவில்லை.

"இருபத்து மூணு, இரண்டடிக் குழி, முப்பத்தேழாம் கல்லுக்கு மேற்கே ஒரு அடி. உறவுக்காரங்க இருந்தா வரலாம்."

சிவநேசன் சாவகாசமாக எழுந்தார். "ஆள் இல்லீங்க மேடம். விதி உங்களுக்கே தெரியும்."

"தெரியும். குழியைத் திறந்து பார்க்கவும் விதி இருக்கு. உள்ள ஒண்ணும் இல்லைன்னா அது குழியே இல்லை."

"தாராளமாத் தெறங்க." ஓரமாக நின்ற பொக்லைனைப் பார்த்துக் கையசைத்தார். அவர் அவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டது மங்கைக்குப் பிடிக்கவில்லை. உள்ளே எலும்பு கிலும்பு எதையாவது போட்டு மூடியிருப்பார்களோ என்று இப்போது புதிதாக ஒரு சந்தேகம் வந்தது. நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் இயந்திரம் உறுமிக்கொண்டு நகர்ந்தது.

கல்லுக்கு முன்னால் வாட்ச்மேன் வந்து நின்றான். கையை விரித்துக்கொண்டு நின்றான். டிரைவர் ஹாரன் அடித்தான். கைலாஷ் நகரவில்லை. பக்கெட் மேலே தூக்கியபடி நின்றதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்து இரண்டு உள்ளங்கையையும் தரையில் வைத்து மூடிக்கொண்டான்.

"வேண்டாம் மேடம். உள்ள நம்ம பாப்பா இருக்கு."

இயந்திரத்தை யாரோ அணைத்தார்கள்.

"ஒம்பது நாள் இருந்துச்சு மேடம். காய்ச்சல். ஆஸ்பத்திரில துணி சுத்திக் குடுத்தாங்க. ஊருக்கு ரெண்டு நாள் ட்ரெய்ன், எப்படி எடுத்துட்டுப் போறது? இங்க யார்கிட்ட கேக்கணும் தெரியல. இவங்க ஆளுங்க இங்க இருக்காங்க, பாத்திருக்கேன். பாப்பா தனியா இருக்காதுன்னு, காலைல யாரும் வர்றதுக்கு முன்னாடி..." அவனுக்குத் தமிழ் தீர்ந்துபோனது. தேடி எடுத்துப் பேசினான். "வெயில் ஜாஸ்தி மேடம் இங்க. தாகம் எடுக்கும். அதான் தெனம் தண்ணி."

மங்கைக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஒரு தகப்பனிடம் யார் ஊற்றச் சொன்னது என்று அதட்டிக் கேட்டிருக்கிறாள். அவன் தப்பு என்று சொல்லியிருக்கிறான். வெட்கமாக இருந்தது அவளுக்கு.

பின்னாலிருந்து ஒரு காலனிக்காரர் கத்தினார். "ஆரைக் கேட்டுடா எங்க எடத்துல பொதச்சே?" இன்னும் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்தன. பாப்பாத்தியும் எழுந்து அவனை நோக்கி வேகமாகத்தான் நடந்தாள்.

"ஆரைடா கேட்டே? சொல்லு. எங்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கோணுமா இல்லியா?"

"கேட்டா விடுவீங்களா தெரியல அக்கா."

பாப்பாத்தியுடைய மாமனாரின் பிணத்தை ஊர்ச் சுடுகாட்டு வாசலிலிருந்து திருப்பித் தூக்கி வந்த நாளைக் காலனியில் எல்லாரும் அறிவார்கள். பின்னால் கத்தியவர் உட்கார்ந்துவிட்டார்.

சிவநேசன் தொண்டையைச் செருமினார். "ரொம்ப வருத்தமான விசயமுங்க. ஆனா மேடம், இவனுக்குக் கார்டு ஒடிசாவுல. இந்த ஊர்க்காரன் இல்ல. அதனால இருபத்து மூணாவது குழிக்கு ஆள் இல்ல. பட்டியல் தள்ளுபடி. நான் சொல்லலீங்க, விதி சொல்லுது."

அவர் சொன்னது சரி. மங்கை விதியை மனத்துக்குள் இரண்டு தடவை புரட்டிப் பார்த்தாள், ஓட்டை ஒன்றும் அகப்படவில்லை. அறுபது வீடும் இருபத்து மூன்று குழியும் ஒரு ரேஷன் கார்டில் வந்து நின்றன.

"எங்கிட்டக் கார்டு இருக்குதுங்களே," என்றாள் பாப்பாத்தி.

எல்லாரும் திரும்பினார்கள்.

"இருவத்தி மூணு என்னோடது. எழுதுங்க மேடம்."

"உறவுமுறை?"

"எம்பட மக."

"மேடம்!" சிவநேசனின் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. "இந்தம்மாளுக்கு அம்பத்தி நாலு வயசு. குழி தோண்டி ஒரு வருசம். இது பச்சைப் பொய்யின்னு உங்களுக்கே தெரியும்!"

"தெரியும்," என்றாள் மங்கை. "படிவத்துல உறவுமுறைக்குக் கட்டம் இருக்கு. வயசுக்குக் கட்டம் இல்லீங்க."

ஆனால் அவள் பேனா உடனே இறங்கவில்லை. பாப்பாத்தி இதைத் தன் வீட்டுக்காகச் சொல்கிறாளா, அந்தக் குழந்தைக்காகச் சொல்கிறாளா? பழகிப்போன சந்தேகம், கேட்டுவிடு என்று நச்சரித்தது. மங்கை கேட்கவில்லை. அதைவிடக் கேட்க வேண்டியது வேறு ஒன்று இருந்தது.

"கைலாஷ், உன் குழந்தையை இவங்க குழந்தைன்னு எழுதப் போறேன். கவர்மெண்ட்டு தாள்ல அப்படித்தான் இருக்கும். மாத்த முடியாது. உனக்குச் சம்மதமா?"

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "அப்ப நம்ம பாப்பா இல்லையா?"

ஷெட் வாசலிலிருந்து அவன் மனைவி ஜமுனா நடந்து வந்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது. பொக்லைனையும், மண்ணில் கிடந்த புருஷனையும், கூட்டத்தையும் பார்த்தாள். அவன் தங்கள் மொழியில் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னான். எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று அவள் ஒரே வார்த்தையில் கேட்டாள். அவன் அந்த இயந்திரத்தைக் காட்டினான். அவள் குனிந்து அந்த ஓரடி மண்ணைத் தொட்டுவிட்டு நிமிர்ந்து, எழுதட்டும் என்பதுபோல் மங்கையைப் பார்த்தாள்.

மங்கை எழுதினாள். சத்தமாக வாசித்தாள். "இருபத்து மூன்று. பாப்பாத்தியின் மகள்." ஒன்பது வருஷத்தில் பொய் என்று தெரிந்தே அவள் போட்ட கையெழுத்து அது ஒன்றுதான். மயானம் மயானமாகவும் பள்ளம் பள்ளமாகவும் இருக்கும் என்று முத்திரை விழுந்தது. காலனிக்காரர்கள் கைதட்டவில்லை. நாற்காலிகளை மடித்து அடுக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றார்கள்.

சிவநேசன் போனில் யாருடனோ பேசிவிட்டு வந்தார். வாட்ச்மேனிடம் குரலை உயர்த்தாமலே சொன்னார். "சாமானத்தைக் கட்டு. சாயங்காலத்துக்குள்ள ஷெட்டு காலியாயிருக்கோணும்."

கைலாஷ் தலையாட்டினான். அவன் அதை எதிர்பார்த்தவனாகத்தான் தெரிந்தான். ஷெட்டுப் பக்கம் நான்கு அடி நடந்தவன் திரும்பி வந்து பாப்பாத்தியின் எதிரில் நின்றான்.

"அக்கா, நாங்க போயிட்டா... சாயங்காலம்?"

"எம்புள்ளைன்னு எழுதிப்போட்டனே. இனி ஆரு ஊத்தோணும்?" பாப்பாத்தி மூக்கைச் சிந்திக்கொண்டாள். பிறகு தயங்கினாள். "ஆனா அஞ்சரைக்கு என்னால முடியாது கண்ணு. மில்லு உட்டு வர ஏழாயிரும். அதுவரைக்கும் பரவால்லயான்னு அவகிட்டக் கேட்டுச் சொல்லு."

கைலாஷ் திரும்பி மனைவியிடம் கேட்டான். ஜமுனா உச்சி வெயிலை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, சரி என்று தலையாட்டினாள்.